புயலோட கண்ணு ஏறுதா எறங்குதா: எந்த சைட்டு லாயக்கு? காசிமேட்டுலேர்ந்து ஒரு ரிவியூ

முதல்லயே ரிசல்ட்ட சொல்லிடுறேன், பொறுமை இல்லாதவங்க இத்தோட கெளம்பிடலாம். புயல் கரைக்கு வர்றதுக்கு முந்தின ராத்திரி அது பலம் ஏறுதா எறங்குதான்னு நாமளே பாக்கணும்னா, தூரத்துல இருக்கும்போது ஜூம் எர்த், கிட்ட வந்தப்புறம் நம்ம வானிலைத் துறையோட ரேடார் பக்கம், ரெண்டுமே ஃப்ரீ, ரெண்டு போதும். கொஞ்சம் உள்ள போய்ப் பாக்கணும்னு ஆசை இருக்குறவங்களுக்கு அமெரிக்காவுல விஸ்கான்சின் யூனிவர்சிட்டி நடத்துற சிம்ஸ் சைட்டு. விண்டி அழகா இருக்கும், தினப்படி காத்துக்கு நானே அதத்தான் பாக்குறேன், ஆனா கண்ண, அதாவது புயலோட நடு ஓட்டைய, பாக்க அது ஆகாது. காசு கட்டுற ஆப்பு எதுவும் இந்த ஒரு வேலைக்கு வேணாம்.

எதுக்குடா இந்த ஆராய்ச்சி, அதான் டிவில சொல்றாங்களேன்னு கேப்பீங்க. டிவில "நாளை மாலை கரையைக் கடக்கக்கூடும்"னு சொன்னா அண்ணா நகர்ல இருக்குறவங்களுக்குப் போதும், பால் பாக்கெட்டு மெழுகுவத்தி வாங்கி வெச்சிட்டுப் படுத்துடுவாங்க. எங்க காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து சைடுல அப்படி இல்ல. விசைப்படகுங்கல்லாம் துறைமுகத்துக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு நிக்கும், ஃபைபர் படகு கரையில கெடக்கும், அத இன்னும் மேல இழுத்துப் போடணுமா, எஞ்சின கழட்டி வீட்டுக்குக் கொண்டாந்துடணுமா, கயிறு இன்னொரு சுத்து போடணுமான்னு ராத்திரியே முடிவு பண்ணணும், ஆளு கூலி இருக்கு, டிராக்டர் வாடகை இருக்கு. துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க, அது 1லேர்ந்து 11 வரைக்கும் போகும், எட்டாம் நம்பர்னா துறைமுகம் புயலோட பாதைக்கு இடது பக்கமா இருக்கும், ஒம்பதுன்னா வலது பக்கமா, பத்துன்னா புயல் துறைமுகத்துக்கு மேலயே இல்ல ரொம்ப கிட்டக்க வரும், பதினொண்ணுன்னா வானிலை ஆபீஸோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம். எங்க பெரியப்பா கூண்டு நம்பர் கேட்டாலும் அப்பால என்னைப் பாத்து ஒண்ணு கேப்பாரு, "இன்னாடா, ஏறுதா எறங்குதா?" அவ்ளோதான். இந்த ரிவியூ முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான்.

கண்ண ஏன் பாக்கணும்னு ஒரு வார்த்தை. புயலோட நடுவுல காத்து மேலேர்ந்து கீழ எறங்குது, எறங்குற காத்து சூடாகும், காயும், அதனால அங்க மேகம் கரைஞ்சிடும், சுத்தி மட்டும் இடிமேகம் செவுரு மாதிரி வளையமா நிக்கும். உளுந்து வடைய நெனச்சுக்கோங்க, ஓட்டை சுத்தமா வட்டமா விழுந்திருந்தா மாவு பதம் சரியா இருக்குன்னு அர்த்தம், ஓட்டை பிசுபிசுன்னு பாதி மூடி இருந்தா பதம் இன்னும் வரல. 1970கள்ல வெர்னன் டிவோராக்னு ஒரு அமெரிக்க வானிலை ஆள் இதுக்கு ஒரு கணக்கே போட்டு வெச்சிட்டாரு, கண்ணு எவ்ளோ சூடு, சுத்தி இருக்குற மேக உச்சி எவ்ளோ குளிரு, வளையம் எவ்ளோ தடிமன், எவ்ளோ ஒழுங்குன்னு பாத்து 1லேர்ந்து 8 வரைக்கும் ஒரு டி நம்பர் குடுக்குறது. விமானம் போக முடியாத கடல்லல்லாம் இன்னிக்கும் அந்தக் கணக்குதான், டெல்லி வானிலை ஆபீஸ்காரங்க புல்லட்டின்லயும் டி 3.5 டி 4ன்னு வருதே அது இதுதான். கண்ணுக்கும் வளையத்துக்கும் நடுவுல சூட்டு வித்தியாசம் எவ்ளோ பெருசோ அவ்ளோ பலம், இந்த ஒரு வரிய மனசுல வெச்சிக்கிட்டா எந்த சைட்ட தொறந்தாலும் பாதி புரிஞ்சிடும்.

இப்ப ஒரு யோசனை, இத நான் யாருக்கும் ஃப்ரீயா சொல்லுவேன். நம்ம புயல் வர்றப்ப மட்டும் சைட்ட தொறந்து பழகாதீங்க, அப்ப பதட்டத்துல ஒண்ணும் புரியாது. அட்லாண்டிக் ஹரிகேன் சீசன் ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும், உச்சம் செப்டம்பர் பத்து வாக்குல, நம்மளது ஐப்பசி கார்த்திகைல சூடு பிடிக்கும். அதனால செப்டம்பர் அக்டோபர்ல அவங்க ஹரிகேன வெச்சு கண்ணப் பழக்கிக்கலாம். அவங்களுக்கு இருக்குற வசதி நமக்கு கெடையாது, கோஸ் 19னு சாட்டிலைட்டு, 2025 ஏப்ரல்லேர்ந்து அதுதான் அமெரிக்காவோட கிழக்குப் பக்கத்துக்கு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ பூமியோட அந்தப் பக்கம் முழுசும் படம், புயல் இருந்தா அது மேல மட்டும் நிமிஷத்துக்கு ஒரு படம். அது போதாதுன்னு விமானத்த நேரா கண்ணுக்குள்ளயே ஓட்டுறாங்க. அங்க படத்துல பாத்தது நெசமா இல்லையான்னு ஒரு மணி நேரத்துல விமானம் சொல்லிடும், பரீட்சை எழுதி உடனே மார்க் வாங்குற வசதி, நம்ம வங்காள விரிகுடால அது நடக்காது.

சரி சைட்டுக்கு வருவோம்.

ஜூம் எர்த். மொபைல்ல தொறந்த உடனே உலகம் வரும், புயல் இருந்தா பேரோட குறி போட்டு நிக்கும், பாதை கோடு இருக்கும், கீழ நேரப் பட்டி இருக்கும் அத பின்னாடி இழுத்தா பழைய படம் ஓடும். இதோட பெரிய பிளஸ்ஸே அந்தப் பட்டிதான். கண்ண ஒரே ஒரு படத்துல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, குறைஞ்சது ஆறு மணி நேரம் பின்னாடி இழுத்து ஓட விடணும். ஓட விட்டு என்ன பாக்கணும்னா, கண்ணு முதல்ல மங்கலா இருந்து அப்புறம் கருப்பா சுத்தமா தெரிய ஆரம்பிக்குதா, கோணலா நீளமா இருந்தது வட்டமாகுதா, சின்னதாகுதா, சுத்தி இருக்குற வெள்ளை வளையம் எல்லாப் பக்கமும் ஒரே தடிமன்ல நிக்குதா இல்ல ஒரு பக்கம் பிஞ்சு தொங்குதா. முதல் நாலும் ஆமான்னா ஏறுது. ஒரு பக்கம் மேகம் இஸ்துக்கினு ஓடுது, இன்னொரு பக்கம் ஓரம் கத்தியில வெட்டின கணக்கா இருக்குன்னா மேல் காத்து அடிச்சு சாய்க்குது, அது எறங்கும், இல்லன்னா அங்கயே நிக்கும்.

2024 அக்டோபர் 7 மில்டன் ஹரிகேன பாத்தவங்களுக்கு இது புரியும். மெக்சிகோ வளைகுடால ஒரே நாள்ல முதல் வகையிலேர்ந்து அஞ்சாம் வகைக்குப் போச்சு (ஹரிகேன காத்து வேகத்த வெச்சு அஞ்சு வகையா பிரிப்பாங்க, அஞ்சுதான் உச்சம்), நம்ம ஊர்ல அன்னிக்கு ராத்திரி நேரம், நான் தூங்காம பாத்துக்கினு இருந்தேன், வீட்ல திட்டு. கண்ணு குறுகிக் குறுகி கடைசில ஊசி குத்தின அளவுக்கு வந்துடுச்சு, குறுக்களவு நாலு மைல் கூட இல்ல, நம்ம கணக்குல ஆறு கிமீ, ராயபுரத்துலேர்ந்து திருவொற்றியூர் போற தூரம்னு வெச்சிக்கோங்க. அந்த மாதிரி ஊசிக் கண்ணு வந்தா ஒண்ணு நிச்சயம், காத்து கன்னாபின்னான்னு ஏறி இருக்கும், மில்டனோட நடு அழுத்தம் 900 மில்லிபாருக்கும் கீழ போச்சு (அழுத்தம் கொறையக் கொறைய பலம் ஜாஸ்தி), காத்து மணிக்கு 290 கிமீ கிட்ட. ஆனா இன்னொண்ணும் இருக்கு, அவ்ளோ சின்ன கண்ணு ரொம்ப நேரம் தாங்காது. வெளியில இன்னொரு வளையம் உருவாகி உள்வளையத்துக்குப் போற ஈரத்தையும் காத்தையும் அது புடுங்கிக்கும், உள்ள இருக்குறது செத்து வெளிய இருக்குறது புது கண்ணாகும். மில்டனுக்கு அதான் ஆச்சு, கூடவே மேல் காத்தும் சேந்துக்கிச்சு, 9ஆம் தேதி ராத்திரி புளோரிடாவுல சியெஸ்டா கீ கிட்ட கரை ஏறும்போது மூணாம் வகை.

இந்த வளையம் மாத்துற சமாச்சாரம்தான் எங்க பசங்கள நிறைய ஏமாத்தும். கண்ணு மூடிக்கிச்சுன்னு பாத்த உடனே "மச்சி புஸ்ஸாயிடுச்சு"ன்னு குரூப்ல போட்டுடுவான். இருடா. கண்ணு மூடுறதுக்கு மூணு நாலு காரணம் இருக்கு. காஞ்ச காத்து உள்ள பூந்து மேகத்த கலைச்சிருக்கலாம், அது எறக்கம். இல்லன்னா வளையம் மாறிக்கினு இருக்கலாம், அப்ப உச்ச காத்து கொறையும் ஆனா பலமான காத்து அடிக்கிற பரப்பு அகலமாயிடும், மாறி முடிச்சப்புறம் கடல் சூடா இருந்தா திரும்ப ஏறும். இன்னொண்ணு, கண்ணு பொறக்குறதுக்கு முன்னாடி நடுவுல பெரிய இடிமேகம் வெடிச்சு மேல குளிர் மேகப் போர்வை போத்திடும், கீழ கண்ணு உருவாகிக்கினே இருக்கும் மேல ஒண்ணும் தெரியாது. 2023 அக்டோபர்ல ஓட்டிஸ்னு ஒண்ணு மெக்சிகோவுல அகாபுல்கோ மேல ஏறிச்சே, ஒரு நாள் முன்னாடி அது வெறும் புயல், ஹரிகேன் கூட இல்ல, கரை ஏறும்போது அஞ்சாம் வகை, கம்ப்யூட்டர் கணிப்பு எதுவும் கிட்டக்கூட வரல. 24 மணி நேரத்துல காத்து 30 நாட் (கடல்ல வேகத்த அளக்குற கணக்கு), அதாவது மணிக்கு 55 கிமீ ஏறினாலே வேகமா பலம் ஏறுதுன்னு கணக்கு, ஓட்டிஸ் அத மாதிரி மூணு மடங்கு ஏறிச்சு.

அமெரிக்காவுல அடிச்ச கத்ரீனா ஹரிகேன பாருங்க, 2005. கடல்ல அஞ்சாம் வகை, கரைக்கு வரும்போது மூணாம் வகை, கண்ணு பாத்தா எறங்கிடுச்சுன்னு தான் சொல்லணும், சரியாவும் சொல்லி இருப்போம். ஆனா மிசிசிப்பி கரைல தண்ணி எட்டு மீட்டருக்கு மேல ஏறிச்சு, ஏன்னா முன்னாடியே கிளப்பி விட்ட அலை எங்க போகும், புயலும் ஆளு பெருசு. அதனால பெரியப்பாவுக்கு "எறங்குது"ன்னு சொன்னாலும் கரையில கெடக்குற படகப் பத்தி தனியாத்தான் சொல்லுவேன். காத்துக்கு ஒரு பதில், தண்ணிக்கு ஒரு பதில். ஜூம் எர்த் ரெண்டாவதுக்கு உதவாது.

ஜூம் எர்த்துல குறைன்னா, நம்ம பக்கத்துக்கு வர்ற படம் ஐரோப்பாக்காரங்களோட மீட்டியோசாட் சாட்டிலைட்டுலேர்ந்து, 15 நிமிஷத்துக்கு ஒண்ணு, அது இந்தியப் பெருங்கடல் மேல கிழக்கு தீர்க்கரேகை 45 டிகிரி கிட்ட நிக்குது, நாம 80 டிகிரில இருக்கோம், கொஞ்சம் சாய்வாத்தான் பாக்கும். படம் வந்து சேர்றதுக்கும் லேட்டாகும், இப்ப நடக்குறதுன்னு நெனச்சி பாக்குறது கொஞ்ச நேரம் முன்னாடி நடந்தது, மேல போட்டிருக்குற நேரத்த பாத்துக்கோங்க. சாதாவா தொறக்குற வியூல மேகம் வெள்ளையாத்தான் இருக்கும், எந்த மேகம் எவ்ளோ குளிருன்னு கலர் பிரிச்சு வராது. அதுக்குத்தான் சிம்ஸ்.

சிம்ஸ் சைட்டப் பாத்தா 2000த்துல பண்ணி அப்படியே விட்டுட்டாங்கன்னு தோணும், மொபைல்ல எழுத்து எறும்பு சைஸு, விரலால பெருசு பண்ணிப் பண்ணி கை வலிக்கும். ஆனா உள்ள இருக்குறது தங்கம். உலகத்துல எந்தக் கடல்ல புயல் இருந்தாலும் போடுவான், வங்காள விரிகுடாவும் உண்டு. டிவோராக் கணக்க கம்ப்யூட்டரே தானா போட்டு அரை மணிக்கு ஒரு தடவ வர்ற மாதிரி ஒரு பட்டியல் இருக்கும், கண்ணு சூடு எத்தனை, வளையம் எத்தனைன்னு ரெண்டு நம்பர், அத மட்டும் மேலேர்ந்து கீழ படிச்சிட்டு வாங்க, கண்ணு பக்கம் மைனஸ்லேர்ந்து பிளஸ்ஸுக்கு ஏறிக்கினே வந்து வளையம் மைனஸ் 70, 75 டிகிரின்னு எறங்கிக்கினே இருந்தா வேற எதுவும் பாக்கத் தேவையில்ல. படத்துலயும் டிவோராக் கலர் வெச்சு ஒண்ணு இருக்கும், கருப்பு வெள்ளை சாம்பல் மாத்தி மாத்தி, அதுல மைனஸ் 70லேர்ந்து 75 வரைக்கும் வெள்ளை, அந்த வெள்ளை வளையம் முறியாம கண்ண சுத்தி முழுசா மூடி இருந்தா நல்ல பலம்.

அதவிட முக்கியம் மைக்ரோவேவ் படம். சாதா சாட்டிலைட்டு மேக உச்சிய மட்டும் பாக்கும், மைக்ரோவேவ் மேல இருக்குற மெல்லிசு மேகத்த தாண்டி உள்ள மழை வளையத்தையே காட்டும். மேல போர்வை போத்தி கண்ணு தெரியாத நேரத்துல கீழ வளையம் மூடிடுச்சான்னு இதுலதான் தெரியும், ரெண்டு வளையம் இருந்தாலும் இதுலதான் தெரியும், அதாவது நான் மேல சொன்ன ஏமாத்து வேலை எல்லாத்துக்கும் பதில் இங்க இருக்கு. பிரச்சனை என்னன்னா இந்த சாட்டிலைட்டெல்லாம் ஒரே எடத்துல நிக்காது, துருவம் வழியா சுத்திக்கினே இருக்கும், நம்ம புயல் மேல எப்ப வருதோ அப்பதான் படம், சில நேரம் மணிக்கணக்கா ஒண்ணும் இருக்காது. நடுவுல இருக்குற நேரத்த சிம்ஸ்காரன் மிமிக்னு ஒரு வித்தைல ஒட்டுப்போட்டு ஓட விடுறான், பாக்க நல்லா இருக்கும், ஆனா ஒட்டுன்னு ஞாபகம் வெச்சிக்கணும்.

இப்ப விண்டி. கோச்சுக்காதீங்க. ஏரியாவுல எல்லார் ஃபோன்லயும் இருக்கு, கலர் கலரா கோடு சுத்தும், நடுவுல அழகா ஒரு ஓட்டை, அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து "கண்ணு ஃபார்ம் ஆயிடுச்சு"ன்னு போடுறான். அண்ணாத்த, அது கண்ணு இல்ல, கணிப்பு. கம்ப்யூட்டர் மாடல் போட்ட படம், யாரும் மேலேர்ந்து பாத்து எடுத்தது கெடையாது. அதுல நல்ல மாடல்னு சொல்ற ஐரோப்பா மாடல் 9 கிமீ கட்டம் கட்டமா கடல பிரிச்சு கணக்கு போடுது, அமெரிக்காவோட ஜிஎஃப்எஸ் மாடல் 22 கிமீ. மில்டனோட கண்ணு ஆறு கிமீ, ஒரு கட்டத்துக்குள்ளயே முழுசா அடங்கிடும், அது எப்படி கண்ணோட சுருக்கத்த காட்டும்? அதனால வேகமா ஏறுற புயல விண்டி எப்பவும் கொஞ்சம் சாதுவாத்தான் காட்டும். பாதைக்கு, மறுநாள் காத்து திசைக்கு, அலை உயரத்துக்கு விண்டி நல்லாவே இருக்கு, அதுல சாட்டிலைட்டு ரேடார்னு தனி லேயரும் இருக்கு, அந்த லேயர போட்டா அது நெசப் படம், அத பாருங்க, சுத்துற கோட்ட பாத்து ஏறுதா எறங்குதான்னு சொல்லாதீங்க.

டிராப்பிக்கல் டிட்பிட்ஸ்னு இன்னொரு சைட்டு, இது ஹரிகேன் பழக்கத்துக்கு மட்டும். விமானம் கண்ணுக்குள்ள போனா அதோட நம்பரெல்லாம் வரைபடத்துல வந்துடும். அமெரிக்க விமானப்படையோட 53ஆவது வானிலை உளவு ஸ்குவாட்ரன், மிசிசிப்பில பிலாக்ஸி ஊர்லேர்ந்து கெளம்புறவங்க, குறுக்கும் நெடுக்குமா புயல கிழிச்சிக்கினு போவாங்க, ஒவ்வொரு தடவ நடுவ தாண்டும்போதும் ஒரு கருவிய பாராசூட்ல கீழ போடுவாங்க, அது கடல்ல விழற வரைக்கும் அழுத்தம் காத்து சூடு எல்லாம் அனுப்பிக்கினே போகும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல அழுத்தம் கொறைஞ்சிருந்தா ஏறுது, முடிஞ்சது பேச்சு. இதுல ஒரு வேடிக்கை உண்டு, முதல்ல அழுத்தம் எறங்கும், கீழ காத்து ஏற கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால காத்து நம்பர் மட்டும் பாக்குறவன் லேட்டாத்தான் முழிப்பான். 2018 மைக்கேல் ஹரிகேன் அப்படித்தான், புளோரிடாவுல மெக்சிகோ பீச்சுல கரை ஏறுற நிமிஷம் வரைக்கும் அழுத்தம் எறங்கிக்கினே இருந்தது, அன்னிக்கு நாலாம் வகைன்னு சொன்னாங்க, அடுத்த வருஷம் எல்லா நம்பரையும் திரும்ப அலசி அஞ்சாம் வகைன்னு மாத்தினாங்க.

ஒரு காசு ஆப்பு பத்தியும் சொல்லணும், பேர் வேணாம். வருஷ சந்தா கட்டினேன், உலகம் முழுக்க ரேடார்னு விளம்பரம் போட்டிருந்தான். நம்ம கடல் மேல பாத்தா மழை வழவழன்னு கலர் பூசி ஓடுது, ரேடார் எதுவுமே எட்டாத நடுக்கடல்லயும் அதே மாதிரி ஓடுது, அப்ப அது என்னன்னு நீங்களே சொல்லுங்க, சாட்டிலைட்ட வெச்சு யூகம் பண்ணி ரேடார் மாதிரி கலர் அடிச்சிருக்கான். கண்ணு இருக்குற எடத்துல கூட மழை பூசி இருந்தது. மெயில் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு பதில் வந்தது. சந்தா முடிஞ்சதும் விட்டுட்டேன்.

நம்ம ரேடார். இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன். சென்னை ரேடார் வேற எங்கயும் இல்ல, ராஜாஜி சாலைல துறைமுகத்தோட நூற்றாண்டுக் கட்டடத்து மேல உருண்டையா நிக்குதே அதுதான், எங்க வீட்லேர்ந்து பஸ்ல ஏறினா கொஞ்ச நேரத்துல வந்துடும். நாட்டுலயே முதல் டாப்ளர் ரேடார்ல ஒண்ணு, 2002ல வந்தது. வானிலைத் துறை சைட்ல ரேடார் பக்கத்துக்குப் போய் சென்னைய தட்டினா படம் வரும். டிசைன் ஒண்ணும் இல்ல, படம் சின்னது, எது எந்த ஊருன்னு எல்லைக்கோடு பாத்துத் தெரிஞ்சுக்கணும், ஓட விடுற வசதிய நம்பாம நான் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரில வரிசையா தள்ளித் தள்ளிப் பாப்பேன், அது போதும்.

ரேடார்ல ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கணும். அதோட கதிர் நேராப் போகும், பூமி வளைஞ்சு கீழ போயிடும், அதனால தூரம் போகப் போக ரேடார் மேகத்தோட உயரமான பாகத்தத்தான் பாக்கும். 250 கிமீ தள்ளி இருக்குற புயல நாலு அஞ்சு கிமீ உயரத்துல பாக்குறோம், கீழ என்ன நடக்குதுன்னு தெரியாது. அதனால தூரத்துல வளையம் பாதிதான் தெரியுதுன்னா ஒடனே பலம் இல்லன்னு சொல்லக்கூடாது, அந்தப் பக்கத்து மழை இன்னும் தூரம், கதிர் அதுக்கு மேலயே போயிருக்கும். நூறு கிமீக்குள்ள வந்தாத்தான் ரேடார் ராஜா. அப்ப என்ன பாக்கணும்னா, கண்ண சுத்தி மழை வளையம் முழுசா மூடி இருக்கா, இல்ல ஒரு பக்கம் வாய் தொறந்து இருக்கா, தொறந்த வாய் மூடிக்கினு வருதா, வளையம் அடுத்தடுத்த படத்துல குறுகுதா. மூடுது குறுகுதுன்னா கயிறு இன்னொரு சுத்து. தெக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ வாய் பெருசாகுது, கலர் செவப்புலேர்ந்து மஞ்சளுக்கு மாறுதுன்னா காஞ்ச காத்தோ நெலமோ அத கடிக்க ஆரம்பிச்சிடுச்சு.

வர்தா ஞாபகம் இல்லாதவங்க இங்க யாரும் இருக்க மாட்டாங்க, 2016 டிசம்பர் 12, மத்தியானம் மூணு மணிலேர்ந்து அஞ்சு மணிக்குள்ள நேரா நம்ம தலை மேலயே கரை ஏறிச்சு. அன்னிக்கு ரேடார்ல கண்ணு தெளிவா இருந்தது. காலைலேர்ந்து வடக்கு வடமேற்கா அடிச்ச காத்து நடுவுல டக்குனு நின்னு போச்சு, ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க, முடிஞ்சிடுச்சுன்னு மரத்த நகத்த ஆரம்பிச்சாங்க, அப்புறம் எதிர்ப்பக்கம் தெக்கேர்ந்து அடிச்சு மிச்சம் இருந்த மரத்தையும் சாய்ச்சது. ரேடார பாக்குறவனுக்கு இதுல ஒரு உபயோகம் இருக்கு, வளையத்தோட பின்பாதி எவ்ளோ தடிமனா இருக்கு, அது நம்ம மேல வர எவ்ளோ நேரம் ஆகும்னு படத்துலயே தெரியும், வெளிய போனவங்கள உள்ள கூப்பிட்டுக்கலாம். 2018ல கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல ஏறிச்சு, நவம்பர் 16 நடுராத்திரிக்கு மேல, கரைக்கு வர்ற வரைக்கும் பலம் ஏறிக்கினே வந்த புயல் அது, காரைக்கால் ரேடார்ல பாக்கலாம். அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்குறவங்க சென்னைய விட்டுட்டு காரைக்கால தட்டுங்க.

ஒண்ணு சொல்லணும், நம்ம கரைக்கு வர்ற நிறைய புயலுக்கு சாட்டிலைட்ல கண்ணே தெரியாது. பொதுவா காத்து 64 நாட் கிட்ட, அதாவது மணிக்கு 118 கிமீ வாக்குல போனாத்தான் கண்ணு வெளிய தெரியும், அதத்தான் நம்மாளுங்க மிகத் தீவிரப் புயல்னு சொல்றாங்க. 2024 ஃபெஞ்சல் மாதிரி ஆளுங்கள கண்ணு தேடிக்கினு உக்காந்தா கண்ணு வலிக்கும். கண்ணு இல்லன்னா மழை இல்லன்னு வேற நெனச்சிடாதீங்க, 2023 மிக்ஜாம் கரை ஏறினது ஆந்திராவுல பாபட்லா கிட்ட, நம்ம ஊர் முழுகினது அது பக்கத்துல வந்து மெதுவா நகர்ந்ததால.

நம்ம நாட்டோட இன்சாட் சாட்டிலைட்டு படம், அதுவும் வானிலைத் துறை சைட்லயே இருக்கு, இஸ்ரோவோட மோஸ்டாக் சைட்லயும் இருக்கு. 3டிஆரும், 2024 பிப்ரவரில ஏத்தின 3டிஎஸ்ஸும். நேரா நம்ம தலைக்கு மேலயே நிக்கிறதால சாய்வு கெடையாது, அது பெரிய பிளஸ். ஆனா ஒவ்வொண்ணும் அரை மணிக்கு ஒரு படம், ஐஆர்ல, அதாவது சூட்ட வெச்சு எடுக்குற அகச்சிவப்புப் படத்துல, ஒரு புள்ளி 4 கிமீ, கோஸ்ல 2 கிமீ. சின்ன கண்ணு அதுல மங்கிடும், பக்கத்து மேகத்தோட கலந்து உள்ளதவிட குளிரா தெரியும். மீட்டியோசாட்டையும் இதையும் மாத்தி மாத்தி பாத்தா சரியாப் போச்சு.

அப்புறம் நம்பர் சண்டை. டெல்லி ஒரு வேகம் சொல்லும், அமெரிக்காவோட ஜேடிடபிள்யூசி புயல் எச்சரிக்கை மையம் அதவிட ஜாஸ்தி சொல்லும், ஒடனே டீக்கடைல "நம்மாளு மறைக்கிறான்". மறைக்கலப்பா, நம்மாளு மூணு நிமிஷ சராசரி, அவன் ஒரு நிமிஷ சராசரி, ஒரு நிமிஷம்னா நம்பர் பெருசாத்தான் வரும். ஒரே ஆளோட நம்பர மட்டும் அடுத்தடுத்து வெச்சுப் பாருங்க, ஏறுதா எறங்குதான்னு தெரியும். நேரமும் அப்படித்தான், வெளிநாட்டு சைட்ல யூடிசி, அதாவது உலகப் பொது நேரம் போட்டிருப்பான், அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும், கூட்டாம மத்தியானம் எடுத்த படத்த காலைப் படம்னு ஃபார்வர்டு பண்றவங்கள என்ன சொல்றது. அட்லாண்டிக் ஹரிகேன் படத்த எடுத்து நம்ம புயல்னு போடுறவங்களும் இருக்காங்க, ஓரத்துல புளோரிடாவே தெரியும்.

கடைசி விஷயம், கரண்டு. கரை ஏறுறதுக்கு முன்னாடியே இங்க லைன் நிறுத்திடுவாங்க, டவரும் பேட்டரில எவ்ளோ நேரம் ஓடும், அதனால இந்தப் பாக்குற வேலையெல்லாம் ஏறுறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே முடிச்சிடணும், அதுக்கப்புறம் ரேடார் பக்கம் மட்டும், அது சின்ன படம், டூஜி வேகத்துலயும் வந்துடும். ஜூம் எர்த்தும் விண்டியும் நெட்டு மெதுவா இருந்தா சுத்திக்கினே நிக்கும். மைக்ரோவேவ் படத்த மொபைல்ல ஒழுங்கா பெருசா காட்டுற ஆப்பு ஏதாச்சும் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, ஐப்பசிக்கு முன்னாடி சொன்னா நல்லது.